பந்தயத் தகடு

வியாழக்கிழமை சாயங்காலம் ஐயாசாமி மகளுடைய இடது சப்பாத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, குதிகாலில் இருந்த இரும்புத் தகட்டைக் கழற்றிவிட்டு அலுமினியத் தகடு ஒன்றை அடித்தார். ஆறு ஆணி. பக்கத்துக்கு மூன்று. கண்ணம்மா எதிரே மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, மெலிந்த காலை நீட்டிப் போட்டபடி, ரொட்டிக்குள் மிளகாய் வடையை நசுக்கி வைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் எடை குறைச்சா நான் பறந்துடுவேன், பப்பா."

"பறக்கிறவங்களுக்குத் தனிப் பந்தயம் இல்லை. ஓட்டம் மட்டும்தான்."

"வேகமான குதிரைக்கு எடை கூட்டுற மாதிரி எனக்கு எத்தனை ராத்தல் ஈயம் வைப்பாங்க?"

"உன் வாயே பத்து ராத்தல். அதுக்கு மேல சட்டத்துல இடம் இல்லை."

அவள் சிரித்துக்கொண்டே எண்ணெய்க் கையைத் துடைத்தாள். சப்பாத்தை மாட்டி, தொடையில் தோல் வாரை இறுக்கிக்கொண்டு, அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். வெளி ஓரம் ஒரு மயிரளவு உயரமாக இருக்கிறது என்றாள். ஐயாசாமி அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி நடந்து பார்த்து, சரி என்றாள். சனிக்கிழமை வரைக்கும் இதைப் போடுவதில்லை என்று சொல்லி, சப்பாத்தையும் அதோடு சேர்ந்த கால் இரும்பையும் கழற்றி அலமாரிக்கு மேல் வைத்தாள். மிச்சமிருந்த வடையைத் தேடினாள். அதை அவள் அம்மா தின்று முடித்திருந்தாள்.

ஐயாசாமிக்குப் போர்ட் லூயிஸில் ஷான் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலின் லாயம் ஒன்றில் லாடம் அடிக்கிற வேலை. வீடு அதே ஊரின் டிராங்கெபார் பகுதியில். திடலுக்கு நடந்தே போய்விடுவார். அப்போது வருஷம் 1963; அந்த வேலையில் அவருக்கு இருபத்தாறு வருஷம். பந்தயக் குதிரைக்கு வாரம் முழுவதும் இரும்பு லாடம். ஓடுவதற்கு முந்தின நாள் அதைக் கழற்றி மெல்லிய அலுமினியத் தகடு அடிப்பார்கள். ஓடி முடித்த பிறகு மறுபடி இரும்பு. இரும்போடு எந்தக் குதிரையும் பந்தயத்துக்குப் போனதில்லை. ஆகவே க்யூர்பிப்பில் ஊனமுற்றவர்களுக்கு ஒரு விளையாட்டுப் போட்டி நடக்கப்போகிறது, கால் இரும்பு போட்ட பெண்களுக்கு அறுபது கஜ ஓட்டமும் உண்டு, கண்ணம்மா அதில் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்தபோது, அவர் அதிகம் யோசிக்கவில்லை. லாயத்தில் என்ன செய்வாரோ அதையே வீட்டிலும் செய்தார்.

தகடு எல்லாக் காலுக்கும் பொருந்துகிற தகடு அல்ல. 1945-இல் இளம்பிள்ளை வாதம் தீவு முழுவதும் வந்தபோது கண்ணம்மாவுக்கு மூன்று வயது. பிழைத்துக்கொண்டாள், இடது கால் மட்டும் வளராமல் நின்றுபோயிற்று. அந்தக் காலை அவள் வெளிப்பக்கமாக ஒரு அரை வட்டம் வீசி, குதிகாலின் வெளி ஓரத்தில் ஊன்றுவாள். பதினெட்டு வருஷமாக அந்த நடையைப் பார்த்தவர் ஐயாசாமி. தகட்டின் வெளி ஓரத்தைக் கனமாகவும் உள் ஓரத்தைக் காகிதம் போலவும் அரத்தால் தேய்த்திருந்தார். அது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தையல் கடையிலிருந்து கண்ணம்மா நனைந்துகொண்டு வந்தாள். க்யூர்பிப் மைதானம் குளமாகிவிட்டது, போட்டியை ஆகஸ்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அவள் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள், இருமினாள். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வயது இருபத்தொன்று.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும், கால் இரும்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. அது அவர்களுடையது அல்ல. ஆஸ்பத்திரிப் பட்டறை கொடுத்தது. மேல் வாரின் பித்தளையில் எண் குத்தியிருந்தது. ஐயாசாமி அதை எடுத்துத் துடைத்து, சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். குதிகாலில் தகடு புத்தம் புதிதாகப் பளபளத்தது. மொத்தம் இருபது தப்படி நடந்த தகடு.

அதைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும். அவர் கழற்றவில்லை. அதன் காரணத்தை வெளியில் சொன்னால் குதிரைக்காரன் ஒருவனுக்குத்தான் புரியும். அவர் வேலை செய்த லாயத்தில் குதிரை விற்றுப்போனாலும் லாடத்தோடுதான் போகும். கால் ஒடிந்து திடலில் படுத்தாலும், உயிர் இருக்கிற வரை லாடத்தைத் தொட மாட்டார்கள். செத்த குதிரைக்கு மட்டும்தான் நான்கையும் கழற்றுவார்கள். கழற்றிய பிறகு அதன் பெயரை லாயத்தில் யாரும் சொல்வதில்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் காரியத்தை அவர் பதினோரு தடவை செய்திருந்தார். சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு குறடைக் கையில் எடுத்தார். பிறகு குறடைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, சப்பாத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

பட்டறையில் கால் இரும்பு செய்கிறவர் க்ளெமான். குள்ளமான, எப்போதும் காதில் பென்சில் வைத்திருக்கிற மனிதர். போட்டிக்கு ஆட்களைப் பழக்குவதும் அவர்தான். அன்று அவர் முன்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். பொட்டலத்தை வாங்கினார், ஐயாசாமியின் தோளைத் தொட்டார், அலமாரியில் வைத்தார். கவிழ்த்துப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து க்ளெமானே டிராங்கெபாருக்கு வந்தார். கையில் அச்சடித்த நிகழ்ச்சி நிரல். ஆகஸ்டு இரண்டாவது சனி, ஞாயிறு. பெண்கள் அறுபது கஜம், எண் ஏழு: கண்ணம்மா.

"முன்னாடியே அச்சாயிடுச்சு" என்றார். "ஏழாம் நம்பர்ல இப்ப வேற பொண்ணு ஓடுறா. ஜோர்ஜெத்துன்னு பேர், ரோஷ் புவாவில வீடு. கண்ணம்மாவோட இரும்பைத்தான் குடுத்திருக்கேன். சப்பாத்துகூட அளவு சரியா இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் வரணும். அந்தப் பொண்ணும் கேட்டா."

ஐயாசாமியின் மனைவி தனலட்சுமி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். ஐயாசாமி நிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். 'குதிகாலைப் பார்த்தீர்களா' என்று கேட்க வேண்டிய இடம் அது. கேட்டால் க்ளெமான் அன்றைக்கே கழற்றிவிடுவார். ஐயாசாமி கேட்கவில்லை. வருகிறோம் என்றார்.

போட்டி நடக்கிற சனிக்கிழமை காலையில் பைக்குள் மாற்றுத்துணி வைத்த தனலட்சுமியின் கையில் குறடும் அரமும் தட்டுப்பட்டன.

"குறடு எதுக்கு?"

"சும்மா."

"இத்தனை வருஷத்துல நீங்க சும்மா குறடு தூக்கி நான் பாத்ததில்லை."

அவர் சொன்னார். தகடு இன்னும் அந்தச் சப்பாத்தில் இருக்கிறது, அது வேறு நடைக்கு அடித்தது, வேறு ஒருத்தி போட்டால் கால் புரளும் என்று.

"புரண்டா?"

"விழுவா. இரும்போட விழுந்தா முட்டி போயிடும்."

"அப்புறம் ஏன் பேசாம இருந்தீங்க?"

"அவளும் அதே மாதிரி நடக்கலாம், இல்லையா? அப்படி இருந்தா அதைத் தொட வேண்டியதில்லை."

தனலட்சுமி குறடைத் துண்டில் சுற்றி, துணிக்கு அடியில் வைத்தாள். ஒரு வருஷம் முடிகிற வரை கொண்டாட்டத்துக்குப் போகக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது, தனலட்சுமி உள்ளே கேட்கும்படியாகவே, "நாங்க ஆஸ்பத்திரிக்காரங்களைப் பாக்கப் போறோம்" என்றாள். பொய் என்றும் சொல்ல முடியாது.

பந்தய சனிக்கிழமையில் ஐயாசாமி லாயத்தில் இல்லாதது அதுதான் முதல் தடவை. க்யூர்பிப் பஸ்ஸில் ஏறியதும் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரது, ஐயாசாமியா? இன்னைக்குக் குதிரை எல்லாம் வெறுங்கால்லயா ஓடுது?"

ரொலான். துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குகிறவன். பந்தயத் திடலில் அவனைத் தெரியாதவர் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றினான்.

"மன்னிச்சுக்கோ, அண்ணே. கேள்விப்பட்டேன். என் வாய் இப்படித்தான்."

"பரவாயில்லை. நீ எங்கே?"

"என் தங்கச்சி மக ஓடுறா. இதுவரைக்கும் என் குடும்பத்துல யாரும் ஓடினதில்லை, போலீஸைக் கண்டா தவிர. ஏழாம் நம்பர்."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப நீ சொல்லு. நான் ஒரு ஆள்கிட்ட சிகரெட் பாக்கெட் ஒண்ணு கட்டியிருக்கேன். எப்படி ஓடுவா?"

"நடையைப் பாக்காம சொல்ல மாட்டேன்."

"குதிரைக்கும் இதையேதான் சொல்லுவான்" என்று ரொலான் தனலட்சுமியிடம் முறையிட்டான். "பாத்த பிறகும் சொல்ல மாட்டான்."

பஸ் மேட்டில் ஏற ஏறக் குளிர்ந்தது. போர்ட் லூயிஸில் வெயில். ரோஸ் ஹில்லைத் தாண்டியதும் மேகம். க்யூர்பிப்பில் இறங்கும்போது தூறல். வழக்கம்தான்.

ஒரு பள்ளிக்கூடத்தின் மைதானம். சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். மழை அதைப் பாதி தின்றிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் சனிக்கிழமைக்கு வேறு வேலை இல்லாதவர்கள். முதலில் பார்வை இல்லாதவர்கள் ஓடினார்கள். ஆளுக்கொரு கயிறு நீளவாக்கில் கட்டியிருந்தது. கயிற்றில் கோத்த தகர வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். வளையங்கள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் கத்துவதா கூடாதா என்று தெரியாமல் நின்றது. முதலில் வந்தவர் கயிற்றின் முடிச்சில் மோதி நின்று, "நான்தானா?" என்று கேட்டார். அப்போதுதான் எல்லாரும் கத்தினார்கள். பிறகு நாற்காலி ஓட்டம். மர நாற்காலியில் சைக்கிள் சக்கரம் பூட்டியிருந்தார்கள். அதில் ஒன்று கோட்டை விட்டு விலகித் தேநீர் மேசைப் பக்கம் போயிற்று. உட்கார்ந்திருந்தவர் அங்கேயே நிறுத்தி ஒரு கோப்பை கேட்டார்.

ரொலான் எல்லா ஓட்டத்துக்கும் குதிரைக்குக் கத்துவதைப் போலவே கத்தினான்.

மூன்று மணிக்குப் பெண்கள் தகுதி ஓட்டம். ஐந்து ஐந்து பேராக இரண்டு கூட்டம்; ஒவ்வொன்றிலும் மூன்று பேருக்கு ஞாயிற்றுக்கிழமை இடம். ஒலிபெருக்கிக்காரர் நிரலைப் பார்த்து வாசித்தார். "நாலு, ஜொசெத். அஞ்சு, கொலெட். ஏழு, கண்ணம்மா."

தனலட்சுமி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். க்ளெமான் மைதானத்தின் குறுக்கே ஓடிப்போய் எதையோ சொன்னார். ஒலிபெருக்கி கரகரத்தது. "ஏழு, ஜோர்ஜெத்."

உயரமான பெண். பத்தொன்பது வயது இருக்கும். வலது கையில் ஊன்றுகோல், தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். முகத்தை ஐயாசாமி அவ்வளவுதான் பார்த்தார். கொடி இறங்கியதும் அவர் கண் குதிகாலுக்குப் போய்விட்டது.

நான்கு தப்படி போதுமாக இருந்தது. ஜோர்ஜெத் காலை வீசவில்லை. நேராகத் தூக்கி, நேராக வைத்தாள். ஊன்றும்போது பாரம் உள் ஓரத்தில் விழுந்தது. அங்கே தகடு காகிதம். குதிகால் உள்பக்கம் சரிந்தது, முட்டி இரும்புக் கம்பியில் இடித்தது, அவள் ஊன்றுகோலால் நிமிர்ந்துகொண்டாள். மறுபடி நான்கு தப்படி, மறுபடி சரிவு. ஈரப்புல்லில் அலுமினியம் வழுக்கவும் செய்தது. ரொலான், "உள்பக்கம் விடாதே, உள்பக்கம் விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் சொன்னது பாதையைப் பற்றி, குதிகாலைப் பற்றி அல்ல.

கடைசிப் பத்து கஜத்தில் அவள் ஏறக்குறைய விழுந்தாள். விழவில்லை. மூன்றாவதாக வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். க்ளெமான் மண்டியிட்டு முட்டி வாரைத் தளர்த்தினார். காலுறையில் சிவப்பாக ஊறியிருந்தது. அவர் வாரைத்தான் குறை சொன்னார். இன்னும் ஒரு துளை இறுக்கிப் போட்டார்.

"எப்படி?" என்றான் ரொலான். "நாளைக்கு?"

ஐயாசாமி கயிற்றுக்கு அப்பால் அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லலை?" என்றான் ரொலான் தனலட்சுமியிடம். "பாத்த பிறகும் சொல்ல மாட்டான்."

தனலட்சுமியின் தங்கை கோவிந்தம்மாவுக்கு க்யூர்பிப்பில் வீடு. இரவு தங்கல் அங்கே. ஆறு மணிக்கே சோறு போட்டுவிட்டாள். முருங்கைக்கீரைக் குழம்பும் தக்காளியில் வேகவைத்த கருவாடும். சாப்பிட்டு முடித்து அவள் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள். ஐயாசாமி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, துண்டிலிருந்து அரத்தை எடுத்து, மறுபடி துண்டிலேயே வைத்தார்.

"நீங்க பாத்தீங்க" என்றாள் தனலட்சுமி.

"பாத்தேன்."

"க்ளெமான்கிட்ட எப்ப சொல்லப்போறீங்க?"

"இன்னைக்கு விழலையே. நாளைக்கும் ஒரே ஒரு ஓட்டம். அதுக்கப்புறம் அவரே கழட்டிக்கட்டும்."

"அவர் கழட்டினா மட்டும் கண்ணம்மா சாக மாட்டாளா?"

ஐயாசாமி அவளைப் பார்த்தார். செத்த குதிரைகளுக்கு என்ன செய்வார்கள் என்று அவளிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் லாயக்காரன் துணியைத் துவைத்தவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது.

"அவ சட்டை, பாவாடை, கம்மல், எல்லாத்தையும் கருமாதி அன்னைக்கே நான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். "அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கிட்டு எதிர்வீட்டுப் பொண்ணு தினமும் தண்ணிக்குப் போறா. நான் தினமும் பாக்கிறேன். உங்களால ஆறு ஆணி முடியலை."

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து, அவருக்கு ஒரு போர்வையைக் கொடுத்தாள். க்யூர்பிப் குளிர் அவருக்கு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு பத்து மணிக்கு இறுதி ஓட்டம். ஒன்பதரைக்கு ஐயாசாமி கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். ஒரு தொண்டர் தடுத்தார். "லாடக்காரன்" என்றார் ஐயாசாமி. அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ, விட்டுவிட்டார்.

க்ளெமான் ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் தோல் வார்களைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தார். ஐயாசாமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கமாகத்தான்: தகடு, அதன் கனம், யாருடைய நடைக்கு அடித்தது. க்ளெமான் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"பத்து நாளா அந்தப் பொண்ணுக்கு முட்டியில தோல் உரியுது. நானும் வாரை மாத்தி மாத்திக் கட்டுறேன். உங்க வீட்டுல உக்காந்து தேநீர் குடிச்சேனே, அன்னைக்குச் சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

"நானும் கவிழ்த்துப் பாத்திருக்கணும்" என்றார் க்ளெமான், கோபம் குறையாமலே. "ஜோர்ஜெத், சப்பாத்தைக் கழட்டு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, இரும்பின் கம்பிகளைக் குதிகால் குழாயிலிருந்து உருவி, சப்பாத்தை நீட்டினாள். மெலிந்த காலை முன்னால் நீட்டிப் போட்டுக்கொண்டாள். எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்கள் போலிருக்கிறது.

"கெட்டுப்போச்சா, தொந்தோன்?"

ரோஷ் புவாவில் வயதில் மூத்த யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மாமா என்பதைப் போல.

"நல்ல தகடுதான். வேற காலுக்கு அடிச்சது."

அவள் தகட்டையும் அவரையும் பார்த்தாள்.

"அவங்களோடதா?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும். நேத்து ஓடினேன் இல்ல? இன்னும் ஒரு தடவை சமாளிச்சுக்குவேன்."

அவள் மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். க்ளெமான் வேறு பக்கம் பார்த்தார். கயிற்றுக்கு அப்பால் தனலட்சுமி கையில் பையோடு நின்றிருந்தாள். பேச்சு அவளுக்குக் கேட்கிற தூரம் இல்லை.

"சமாளிக்கிறதுக்கு எதுக்கும்மா சப்பாத்து" என்றார் ஐயாசாமி. துண்டைப் பிரித்துக் குறடை எடுத்தார்.

வெளிப்பக்கத்து ஆணி முதலில். அது வழக்கம். குறடின் வாயைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். தேயாத ஆணிகள், அடித்தபடியே இருந்தன; ஒவ்வொன்றாக நேராக வந்தன. அவர் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. ஆறு ஆணி வெளியே வந்தது, தகடு கையோடு வந்தது, தூறல் நிற்காமல் தூறிக்கொண்டிருந்தது.

குதிகால் கட்டையில் ஆறு துளை. அப்படியே விட்டால் தண்ணீர் இறங்கி மரம் ஊதும். ரொலான் எப்படியோ உள்ளே வந்து பக்கத்தில் நின்றிருந்தான். ஐயாசாமி திரும்பாமலே கையை நீட்டினார்.

"நெருப்புப் பெட்டி."

"இப்ப யாருக்குச் சிகரெட்?"

"குடு."

ஆறு தீக்குச்சிகளின் மருந்து முனையைக் கிள்ளி எறிந்துவிட்டு, துளைக்கு ஒன்றாகத் தட்டி இறக்கி, மிச்சத்தை ஒடித்து, அரத்தால் சமன் செய்தார். பிறகு, "நாலு தப்படி நட" என்றார். அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடந்தாள். மறுபடி நடக்கச் சொன்னார். க்ளெமானிடம் தடித்த தோல் துண்டு ஒன்று வாங்கி, பிறை வடிவில் வெட்டி, உள் ஓரத்தில் மட்டும் நான்கு பொடி ஆணியால் அடித்தார். இரும்பு இல்லை, அலுமினியமும் இல்லை. ஈரப்புல்லுக்குத் தோல்தான் பிடிக்கும்.

"இப்ப?"

ஜோர்ஜெத் போய்த் திரும்பினாள். "காலுக்குக் கீழ தரை இருக்கு" என்றாள்.

"அது போதும். ஓடு."

ஐயாசாமி கயிற்றுக்கு வெளியே வந்து தன் இடத்தில் நின்றார். ஆறு பேர் ஓடினார்கள். ஜோர்ஜெத் முதலில் தயங்கினாள். பத்து நாள் பயம் பத்து நிமிஷத்தில் போகாது. முப்பது கஜத்துக்குப் பிறகு அவள் குதிகாலை நம்பத் தொடங்கியது தெரிந்தது. தப்படி ஒரே சீராக விழுந்தது. நான்காவதாக வந்தாள். விழவில்லை, கயிற்றைப் பிடிக்கவும் இல்லை. கோட்டைத் தாண்டி இன்னும் ஏழெட்டுத் தப்படி அவளாகவே போய் நின்றாள்.

"நாலாவது" என்றான் ரொலான். "ஒரு பாக்கெட்டும் போச்சு, நெருப்புப் பெட்டியும் போச்சு." ஆனாலும் கயிற்றுக்கு அடியில் குனிந்து அவளிடம் ஓடினான்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஐயாசாமி சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். அவள் கட்டைவிரலால் கனமான ஓரத்தையும் மெல்லிய ஓரத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ரோஸ் ஹில் வந்ததும் வெயில் வந்தது.

"கண்ணம்மா ஓடியிருந்தா மூணாவது வந்திருப்பா" என்றார் ஐயாசாமி.

"ரெண்டாவது."

"அந்த கொலெட்டைப் பாத்தே இல்ல? அவளைத் தாண்ட முடியாது."

"கண்ணம்மாவுக்கு ரோஷம் அதிகம். தாண்டுவா."

"ரோஷம் வேற, காத்து வேற. நெஞ்சுல காத்து இருக்கணும்" என்றார். தனலட்சுமி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். பிறகு அவரே, "சரி, ரெண்டாவதுன்னே வச்சுக்கோ" என்றார்.

மறுநாள் அவர் லாயத்துக்குப் போனார். சனிக்கிழமை வராததற்கு நிறைய ஏச்சுக் கேட்க வேண்டியிருந்தது. தகட்டை, கண்ணம்மாவின் பழைய இரும்புத் தகடு கிடந்த டப்பாவில் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகும் ஜோர்ஜெத் அந்த இரும்போடுதான் நடந்தாள். ஒரு தடவை ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து, ரொலான் மாமா கொடுக்கச் சொன்னார் என்று வைத்துவிட்டுப் போனாள். பிறகு சப்பாத்து தேயும்போதெல்லாம் டிராங்கெபாருக்கு வந்தாள். ஐயாசாமி அவள் நடையைப் பார்த்து அவளுக்கென்று தகடு அடித்துக் கொடுத்தார், உள் ஓரம் கனமாக. 1968-இல், தீவில் சுதந்திரக் கொடி ஏறி இரண்டு வாரம் இருக்கும், மறுபடி வந்தாள். அவர் சப்பாத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு பழைய தகட்டைக் கழற்றினார். அடித்தோலை அதற்குள் இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். மேல்தோலிலும் ஒட்டுப் போட்டிருந்தது. குதிகால் கட்டை மட்டும் பழையது. அதில் பக்கத்துக்கு மூன்றாக, மரத்தோடு மரமாகக் கறுத்து, ஆறு தீக்குச்சி முனைகள் இருந்தன.